கலைமதி டீச்சரின் மூன்றாவது கேள்வி

கலைமதிக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், குரல் கணீரென்று இருக்கும், பொய் சொல்லத் தெரியாது. முதல் இரண்டும் ஆசிரியர் வேலைக்கு நல்லவை. மூன்றாவதை வைத்துக்கொண்டு ஒரு தனியார் பள்ளியில் பத்து வருடத்துக்கு மேல் எப்படிக் குப்பை கொட்டினாள் என்றால், வாயைத் திறக்காமலே கொட்டினாள். பொய் சொல்லாமல் இருப்பதற்கு அது ஒரு சுலபமான வழி. நம்மில் நிறையப் பேர் அந்த வழியில்தான் நல்லவர்களாக இருக்கிறோம்.

லால்குடிப் பக்கம் வாழை போடுகிற குடும்பத்துப் பெண். துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வேலை பார்க்கும் சரவணனைக் கட்டிக்கொண்டு காட்டூருக்கு வந்தாள். காலையில் சமைத்து வைத்துவிட்டுச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டித் திருவானைக்காவல். இறங்கி நாலு எட்டு வைத்தால் பள்ளிக்கூடம். வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ்: ‘பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி!’ முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைகளின் படம் தபால்தலை அளவில் இருக்கும். கரஸ்பாண்டென்ட் தர்மராஜின் படம் ஜன்னல் அளவில் இருக்கும். படித்தது யார் என்று வழிப்போக்கர்களுக்குச் சந்தேகம் வரலாம்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே கலைமதியின் பட்டம், பி.எட்., மார்க் ஷீட் எல்லாவற்றின் அசலையும் தர்மராஜ் வாங்கிக்கொண்டார். “பீரோவுல பத்திரமா இருக்கும்மா. வீட்டுல கரையான் அரிச்சிடும்” என்றார். அவளிடம் மட்டுமில்லை, எல்லா ஆசிரியர்களிடமும் வாங்கியிருந்தார். வருடத்தின் நடுவில் எவரும் வேறு பள்ளிக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. கணக்கு வாத்தியார் பிலோமின்ராஜ் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “என் டிகிரி பீரோவுக்குள்ள, நான் பீரோவுக்கு வெளியில. ரெண்டு பேருக்கும் ஜெயிலு ஒண்ணுதான் மிஸ்.”

அந்த ஜெயிலிலிருந்து வெளியே வர கலைமதிக்கு ஒரு கதவு திறந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வை எழுதிவிட்டு மறந்தே போயிருந்தாள். தேர்வாகியிருப்பதாகவும் ஏப்ரலில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு வர வேண்டும் என்றும் தகவல் வந்தது. அசல் இல்லாமல் போனால் பெயர் போய்விடும். வயது ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை எழுதித் தேறுவது நடக்கிற காரியம் இல்லை. தர்மராஜிடம் போய்க் கேட்டாள். “ரொம்ப சந்தோஷம்மா. பாக்கலாம், பாக்கலாம்” என்று அவர் ஆறப்போட்டார். அடுத்த வாரம் கேட்டாள். அப்போதும் பாக்கலாம்தான்.

இது ஒரு பக்கம் இருக்க, வகுப்பில் அவள் வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம்தான் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாகப் போட்டிருந்தார்கள். ஒன்பதுக்கும் பத்துக்கும் சமூக அறிவியல் அவள் பாடம். புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், கரும்பலகையின் ஓரத்தில் மூன்று கேள்விகளை எழுதி வைத்தாள். யார் சொல்கிறார்கள்? எதை வைத்துச் சொல்கிறார்கள்? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்? எந்தப் பாடமானாலும், எந்தச் செய்தியானாலும், இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

ஆனைக்கா கோயில் மதிலில் இருக்கும் கல்வெட்டில் ஆரம்பித்தார்கள். கோயிலுக்கு ராஜா நிலம் கொடுத்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. யார் சொல்கிறார்கள்? ராஜாவே. மூன்றாவது கேள்விக்கு வந்தபோது பெஞ்சமின் என்ற பையன் எழுந்து, “அந்த நெலத்துல அதுக்கு முன்னாடி உழுதுட்டிருந்தவங்க எங்க மிஸ் போனாங்க?” என்றான். அன்றைக்குக் கலைமதிக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை, அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

பிறகு அது மற்ற பாடங்களுக்கும் தொற்றியது. அறிவியல் வகுப்பில், மண்சட்டியில் உறை ஊற்றினால் தயிர் புளிக்காது என்று ஒருத்தியின் அம்மா சொன்னதைச் சோதித்தார்கள். மண்சட்டியிலும் எவர்சில்வர் கிண்ணத்திலும் தயிர் கொண்டுவந்து வைத்து நாள்தோறும் முகர்ந்து பார்த்ததில் அறிவியல் டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். கணக்கு வகுப்பில் பிலோமின்ராஜ் ஒரு டியூஷன் சென்டர் நோட்டீஸை எடுத்து, ‘சராசரி தொண்ணூறு மதிப்பெண்’ என்பதைப் பிரித்து மேய்ந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிற ஒருவன், ‘ஜன்னலைத் திறந்தால் ராஜகோபுரம்’ என்ற ஃபிளாட் விளம்பரத்தை நம்பாமல் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால்தான் கோபுரம் தெரிகிறதாம்.

இதில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவள் ஜெஸிமா. பாலக்கரையிலிருந்து வருகிற பெண். அவளுடைய அத்தா நவ்ஷாத் குவைத்தில் டிரைவர், இங்கே அம்மா நஜீமா மட்டும்தான். கணக்கு என்றால் ஜெஸிமாவுக்குக் காய்ச்சல் வரும். பரீட்சையில் கடைசி வரிசையிலேயே நிற்பாள். ஆனால் மூன்றாவது கேள்வி அவளுக்காகவே செய்த மாதிரி இருந்தது. எங்கே எது விட்டுப்போயிருக்கிறது என்று அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பெற்றோர்களுக்காகப் பள்ளியில் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. பள்ளிக்கு வரும் வழியில் படிக்கிற ஏதாவது ஒரு வாசகத்தை எடுத்து, மூன்று கேள்வியும் கேட்டு, சார்ட் பேப்பரில் எழுதி வரச் சொன்னாள் கலைமதி. எல்லாரும் விளம்பரங்களை எடுத்து வந்தார்கள். பெஞ்சமினும் ஜெஸிமாவும் எடுத்தது பள்ளி வாசல் ஃபிளெக்ஸை.

தர்மராஜுக்குப் போட்டோ பைத்தியம் உண்டு. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு வகுப்பையும் குரூப் போட்டோ எடுத்து, சட்டம் போட்டு, மாடிப்படிச் சுவர் நெடுக மாட்டி வைத்திருந்தார். அந்தப் போட்டோக்களில் இரண்டைப் பெஞ்சமின் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தான். ஒன்று ஒன்பதாம் வகுப்பு. இன்னொன்று அதே பிள்ளைகள் அடுத்த வருடம், பத்தாம் வகுப்பில். முதல் படத்தில் சில முகங்களைச் சுற்றி ஜெஸிமா சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தாள்.

“மிஸ், வட்டம் போட்டவங்க எல்லாம் நைன்த்ல இருக்காங்க, டென்த்ல இல்ல” என்றாள்.

“வீடு மாறிப் போயிருப்பாங்க” என்றான் பின்வரிசையில் ஒருவன்.

“இந்த அக்கா பேரு சாரா. எங்க தெருவுலதான் இருக்காங்க. இன்னிக்குக் காலையில கூட பாத்தேன்.”

கலைமதிக்கு அது தெரியாத விஷயமா? பள்ளிக்கூடத்தில் காக்கா குருவிக்கும் தெரியும். பத்தாவதில் தேற மாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளை ஒன்பதாவதோடு கழற்றிவிடுவார்கள். ‘ஃபெயில் போட்டால் வருடம் வீண், பாஸ் போட்டு டி.சி. கொடுத்துவிடுகிறோம், வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று பெற்றோர்களிடம் பேசுவார்கள். பெற்றோர்களே விரும்பிக் கேட்டதாகக் கடிதம் வாங்கிக்கொள்வார்கள். அந்த வேலை வகுப்பாசிரியையுடையது. இத்தனை வருடமும் அது வேறு யாரோ பார்த்த வேலை என்று அவள் இருந்துவிட்டாள். நூறு சதவீதம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அதைச் சுவரில் வரிசையாக மாட்டியும் வைத்திருந்தார்கள். மாட்டியவருக்கு அது உறைக்கவில்லை, தினமும் ஏறி இறங்கிய ஆசிரியர்களுக்கும் உறைக்கவில்லை. உறைத்தது கணக்கில் கடைசியாக வருகிற ஒரு பெண்ணுக்கு.

“நல்லா இருக்கும்மா” என்றாள் கலைமதி. “ஆனா கண்காட்சிக்கு வேற ஏதாவது எடுங்க.”

“ஏன் மிஸ், தப்பா இருக்கா?” என்றான் பெஞ்சமின்.

“தப்பில்ல.”

“அப்புறம்?”

அவள் டஸ்டரை எடுத்துச் சுத்தமாக இருந்த கரும்பலகையைத் துடைத்தாள். அந்தப் பிள்ளைகள் புத்திசாலிகள். இரண்டு நாளில் முடி கொட்டுவது நிற்கும் என்று சொல்கிற எண்ணெய் விளம்பரத்தை எடுத்து வந்தார்கள். கண்காட்சியில் தர்மராஜ் அந்த சார்ட்டின் முன்னால் நின்று வழுக்கையைத் தடவிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். “பாத்தீங்களா, எங்க பிள்ளைங்க எதையும் சும்மா நம்பாதுங்க” என்று பெற்றோர்களிடம் பெருமையடித்தார். மறுவாரமே வாசலில் இரண்டாவது ஃபிளெக்ஸ் வந்தது: ‘சிந்திக்கக் கற்றுத்தரும் பள்ளி!’ படம் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

ஃபிளெக்ஸ் கட்டிய அன்று அவர் கலைமதியை அறைக்குக் கூப்பிட்டார். அவர் அதட்டுகிற மனிதர் இல்லை. தலையைத் தடவிக் கொடுத்தே காரியத்தை முடிக்கிறவர்.

“உக்காருங்கம்மா. நைன்த்ல நாலஞ்சு பேரு தேற மாட்டாங்க. மத்தவங்க வீட்டுல ஆபீஸ்லயே பேசி முடிச்சாச்சு. அந்த ஜெஸிமாவோட அம்மா மட்டும் பிடி குடுக்க மாட்டேங்குது. கலைமதி மிஸ் சொல்லட்டும், அப்ப பாக்கலாம்னு நிக்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“சார், அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு சார். கணக்கு மட்டும்தான். நான் தனியா உக்கார வெச்சு, பிலோமின் சாரையும்…”

“நல்ல பொண்ணுதான், யாரு இல்லேன்னா? பரீட்சைப் பேப்பருக்கு அது தெரியாதேம்மா.” அவர் மேஜைமேல் இருந்த சாவிக்கொத்தை ஓரமாகத் தள்ளிவைத்தார். “அப்புறம், உங்க ஒரிஜினல் கேட்டீங்கல்ல. அதை வெச்சுக்கிட்டு நான் என்ன ஊறுகாயா போடப்போறேன்? அந்தம்மா லெட்டர் குடுக்கட்டும். அன்னிக்கே ஃபைலை எடுத்துட்டுப் போங்க. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் நல்லா எழுதித் தரேன்.”

மிரட்டல் என்று எடுத்துச் சொல்ல அதில் ஒரு வார்த்தை இல்லை. கலைமதி எழுந்து வெளியே வந்தாள். மாடிப்படியில் ஏறும்போது சுவரைப் பார்க்காமல் ஏறினாள்.

வீட்டில் சரவணனிடம் சொன்னாள். அவன் தட்டில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“நீ சொல்லலைன்னா?” என்றான்.

“நஜீமா கையெழுத்துப் போட மாட்டாங்க. முடியாதுன்னு நின்னா இவங்களால ஒண்ணும் பண்ண முடியாதுங்க. ஒம்பதாவதுல எப்படியும் பாஸ் மார்க் வாங்கிடுவா, பாஸ் ஆகுற புள்ளையை எப்படி வெளிய தள்ள முடியும்? அது அந்தம்மாவுக்குத் தெரியாது.”

“ஒன்னோட ஃபைலு?”

அவள் குழம்பை எடுத்து அவன் தட்டில் ஊற்றினாள்.

“இங்க பாரு கலை. அந்தப் பொண்ணு கவர்மெண்ட் ஸ்கூலுக்குத்தான போகும்? அங்க என்ன கொறைச்சல்? நீயே அங்கதான வேலைக்குப் போகப் போற?”

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மறுநாள் பாலத்தின் மேல் பஸ் நெரிசலில் நின்றுபோனது. பக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் புதுப் பாலத்தின் தூண்களைப் பார்த்துக்கொண்டே அவன் பேச்சை அவள் கேள்விகளில் போட்டுப் பார்த்தாள். யார் சொல்வது? என்மேல் அக்கறை உள்ளவர். எதை வைத்து? நியாயத்தை வைத்துத்தான். எதைச் சொல்லாமல் விட்டார்? போகிறாயா என்று ஜெஸிமாவை யாரும் கேட்கவில்லை. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் பஸ் அங்கேயே நின்றது. இறங்கி நடக்கலாமென்றால், படியில் தொங்குகிற கூட்டம் வழிவிடாது.

நஜீமா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜெஸிமாவும் கூட இருந்தாள். காலி வகுப்பறையில் மூன்று பேரும் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கரும்பலகையின் ஓரத்தில் அந்த மூன்று கேள்விகள் அப்படியே இருந்தன.

கலைமதி பேசினாள். பத்தாவது பாடம் இன்னும் கஷ்டம், கணக்கில் இப்போதே திணறுகிறாள், வேறு பள்ளியில் அழுத்தம் குறைவாக இருக்கும். ஒவ்வொன்றும் உண்மை. உண்மையை மட்டும் பொறுக்கி எடுத்து இவ்வளவு பெரிய அநியாயத்தைக் கட்ட முடியும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

நஜீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டார். “அவங்க சொன்னப்ப நான் நம்பல மிஸ். உங்க வாயால கேக்கணும்னுதான் வந்தேன். சொல்லுங்க, எம் புள்ளைக்கு இதுதான் நல்லதா?”

வாயை மூடிக்கொள்கிற அந்தப் பழைய வழி இந்த இடத்தில் அடைபட்டிருந்தது. எதிரே உட்கார்ந்து கேட்கிறார், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

“நல்லதுதாங்க” என்றாள் கலைமதி.

“அப்ப சரி. அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யணும் மிஸ். இவ அத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.” நஜீமா மகள் பக்கம் திரும்பினார். “நீயே எழுதும்மா. உன் எழுத்து நல்லா இருக்கும். நான் கையெழுத்துப் போடறேன்.”

கலைமதி சொல்லச் சொல்ல ஜெஸிமா எழுதினாள். ‘எங்கள் குடும்பச் சூழ்நிலை காரணமாக, எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்…’ அந்த இடத்தில் பேனா நின்றது. ஜெஸிமா நிமிர்ந்து கரும்பலகையைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். கேட்கப் போகிறாள் என்று கலைமதி நினைத்தாள். கேட்டுவிடக் கூடாதே என்று நினைத்தாளா, கேட்டுவிட மாட்டாளா என்று நினைத்தாளா, அது அவளுக்கே பிடிபடவில்லை. எண்ணெய் கம்பெனியையும் கல்வெட்டு ராஜாவையும் விடாத அந்தப் பெண், எதுவும் கேட்காமல் குனிந்து மீதியை எழுதி முடித்தாள்.

சாயங்காலம் பீரோ திறந்தது. தர்மராஜ் சொன்ன சொல் தவறாதவர். நீல நிற ஃபைலைத் துடைத்துக் கையில் கொடுத்தார்.

அடுத்த வாரம் குரூப் போட்டோ. மைதானத்தில் பெஞ்சுகளை அடுக்கி, உயரத்தின்படி பிள்ளைகளை நிறுத்திக்கொண்டிருந்தார் போட்டோக்காரர். கலைமதி நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உயரமான ஜெஸிமாவைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அவள் போகாமல் முன்னால் வந்து, டீச்சரின் நாற்காலியை ஒட்டித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“பின்னாடி போகலையாம்மா?” என்றாள் கலைமதி.

“இல்ல மிஸ். பின்னாடி நின்னா மூஞ்சி பாதிதான் தெரியும்.” கேமராவைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். “அடுத்த வருஷம் யாராவது வட்டம் போட்டா, என்னைய விட்டுறக் கூடாதுல்ல.”

போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். இந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அன்று பேனா நின்றபோதே தெரிந்திருக்கிறது. டீச்சரைக் கேட்டால் டீச்சர் என்ன ஆவாள் என்றுகூடத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கேட்கவில்லை. கலைமதிக்கு அந்த இடத்திலேயே எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. போட்டோ முடியும்வரை அசையக் கூடாது என்றார்கள், அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சான்றிதழ் சரிபார்ப்பு ஏப்ரலில், திருச்சியிலேயே ஓர் அரசுப் பள்ளியில் நடந்தது. சரவணன் லீவு போட்டு வண்டியில் கொண்டுவந்து விட்டான். வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நல்ல மாதிரியான மனிதர். ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே வந்தார். கடைசியாக தர்மராஜ் எழுதிய அனுபவச் சான்றிதழ் வந்தது. சொன்னபடியே நன்றாகத்தான் எழுதியிருந்தார். அதிகாரி அதை வாய்விட்டே படித்தார்.

“‘இவர் பயிற்றுவித்த பாடத்தில் ஆண்டுதோறும் நூறு சதவீதத் தேர்ச்சி பெற்றுத் தந்துள்ளார்.’ அடேங்கப்பா! ஒருத்தர்கூட ஃபெயில் இல்லையா மேடம்?”

எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. வாசலில் வண்டியோடு சரவணன் நின்றுகொண்டிருந்தான்.

“இருந்தவங்க எல்லாரும் பாஸ் சார்” என்றாள்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். “நல்லா சொன்னீங்க. இல்லாதவங்க எப்படி மேடம் பாஸாவாங்க?” பக்கத்து மேஜைக்காரரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு முத்திரையைக் குத்தி, ஃபைலை மூடிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.